மூடாத கதவுக்கு ஒட்டிய ஓகே ஸ்டிக்கர்

நேற்று சாயங்காலம் பட்டறைக்குக் காப்பி கொண்டுபோனேன். வாசலில் ஒரு கேட்டைச் சாய்த்து வைத்து ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக்கு மேல் வர்ணம் பூசுவதற்கு முன்னால் அடிக்கிற செங்காவிப் பூச்சு அது. அந்த நெடி பலருக்குத் தலைவலி கொடுக்கும். எனக்கு மட்டும் பட்டுச்சேலை ஞாபகம் வரும், ரோஜாப்பூ ஞாபகம் வரும், அப்பா ஞாபகம் வரும். என் கல்யாணச் சேலையில் முதலில் ஒட்டியது சந்தனமோ குங்குமமோ இல்லை, இந்தப் பூச்சுதான். எத்தனை சலவைக் கடையில் கொடுத்தும் அந்தக் கறை போகவில்லை. கொஞ்ச நாளில் அது போகட்டும் என்று நினைப்பதை நானும் விட்டுவிட்டேன்.

பட்டறை என் வீட்டுக்காரர் சின்னப்பனுடையது. கேட்டுக்குச் சொல்லியிருந்த ஆள் பெங்களூரிலிருந்து வந்து இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர். "நடுவுல சந்தே இருக்கக் கூடாது, டைட்டா இருக்கணும்" என்று நின்றார். சின்னப்பன் காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஒரு வெரலு சந்து உடணுங்க. இல்லன்னா நாளைக்கி ஊரு முன்னால மானம் பூடும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்குச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் ஓசூருக்கு வந்தது டிப்ளமா முடித்த கையோடு. திருநெல்வேலிக்குத் தெற்கே, கடல்காற்றில் துணி காய்கிற ஊரில் பிறந்தவள். இங்கே வந்த முதல் மாதம் காலை ஷிஃப்டுக்கு ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். உள்ளூர்ப் பெண்கள் சாதாரணமாக நின்று வேர்க்கடலை தின்பார்கள். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் வேலை. வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியும் கையுமாக நின்று அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஓகே ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கர். கை அதற்கே பழகிப்போய், ஹாஸ்டலில் தோசை வட்டமாக வராவிட்டால்கூட மனதுக்குள் சிவப்பு ஒட்டுவேன்.

ஹாஸ்டல்கார அம்மாவுக்குத் தெலுங்கு, பால்காரருக்குக் கன்னடம், சூப்பர்வைசருக்கு இங்கிலீஷ். என் தமிழைக் கேட்டால் கேண்டீனில் சிரிப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது பாதி பக்தி, பாதி நாலு பேரிடம் வாய்விட்டுப் பேசத்தான். ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளி தாண்டி, ஒரு கிளைச்சாலையில் இருந்தது எங்கள் மாதா கோயில். ஓடு வேய்ந்த சின்னக் கோயில். முன்னால் ஒரு புங்கமரம், எதிரே முனிராஜ் அண்ணனின் டீக்கடை.

அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்குள், இரண்டு கட்சி. தலைமுறை தலைமுறையாக அங்கேயே காட்டுவேலை பார்த்து, இப்போது பிள்ளைகளைக் கம்பெனிக்கு அனுப்புகிற உள்ளூர்க் குடும்பங்கள் ஒன்று. என்னைப் போலப் பிழைக்க வந்த தெற்கத்திக்காரர்கள் இன்னொன்று. சண்டை எதில் என்று நினைக்கிறீர்கள்? பாட்டில். பாட்டு ஒன்றுதான், ஆனால் அவர்கள் இழுத்துப் பாடுவார்கள், நாங்கள் வேகமாகப் பாடுவோம். நாங்கள் கடைசி அடியை முடித்துப் புத்தகத்தை மூடும்போது அவர்கள் மூன்றாவது அடியில் நிதானமாக நின்றுகொண்டிருப்பார்கள். தபேலா வாசித்தவர் சின்னப்பன். ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர். ஒருநாள் பூசை முடிந்ததும் என்னிடம் நேராக வந்து, "நீங்க இன்னாத்துக்குங்க ரயிலு புடிக்கப் போற மாதிரி பாடுறீங்க?" என்று கேட்டார். "நீங்க ரயிலுக்குக் கொடி காட்டிட்டே நிக்கியளே, அதான்" என்றேன். இப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குமேல் விவரம் கேட்காதீர்கள்.

எங்கள் பக்கம் பெண் வீட்டுப் பங்கில்தான் கல்யாணம் வைப்பார்கள், சின்னப்பன் வீட்டில் மாப்பிள்ளை பங்கில். அப்பா ரொம்ப யோசித்து, பெரிய மனது பண்ணி, "சரி, அங்கயே வைங்க" என்று ஒத்துக்கொண்டார். கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிக்கிற வழக்கம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முன்பே முடித்துவிடத் திட்டம். முதல் ஓலை வாசித்தாயிற்று. என் பெயரை மைக்கில் கேட்ட வெட்கத்தில் நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மத்தியானம் வேன்களில் ஆட்கள் வந்தார்கள். வெளியூர் ஆட்களும் இருந்தார்கள், முகம் தெரிந்த இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். கோயிலில் மதம் மாற்றுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. கூரை ஓடுகளை உடைத்தார்கள், பீடத்தைப் புரட்டினார்கள், மாதா சுரூபத்தைக் கீழே தள்ளினார்கள். குறுக்கே போன ஃபாதரைப் பிடித்துத் தள்ளியதில் அவர் கண்ணாடி நொறுங்கியது. பெரிய மரக்கதவை உடைத்து அதிலேயே தீ வைத்தார்கள். நான் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து ஓடிவந்தபோது கதவு இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்றைக்கும் நினைத்தால் வரும். "எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலருந்து இங்கதான கீறோம், யாரப் போயி மாத்துனோம்?" என்று சின்னப்பன் ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேஸ் போட்டார்கள். வாய்தா மேல் வாய்தாவாக அது தன் போக்கில் போனது.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்து போன் வந்தது. "ஏட்டி, துணிமணிய எடுத்துட்டு ரயில் ஏறு. கலியாணத்த நம்ம ஊர்ல வச்சிக்கிடலாம்" என்றார். அப்பா சொன்னதில் தப்பே இல்லை. பயந்துபோன பல குடும்பங்கள் ஓசூர் டவுன் கோயிலுக்குப் போக ஆரம்பித்திருந்தன. இரண்டு தெற்கத்திக் குடும்பங்கள் மாற்றலே கேட்டுவிட்டன. ஆனால் சின்னப்பன் ஒரு கேள்வி கேட்டார். "நம்ம கல்யாணமே இங்க நடக்கலன்னா, அப்பறம் எவுரு இங்க பூசைக்கி வருவாங்க?" ஓலை வாசித்த கல்யாணம் ஊர்விட்டு ஊர் ஓடினால் அந்தக் கோயில் அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்குமே அது புரிந்திருந்தது.

அப்பாவிடம் நான் போனில் அழுதேன், சண்டை போட்டேன், பிறகு மறுபடி அழுதேன். கடைசியில் இறங்கி வந்தார். தவக்காலம் முடியட்டும், ஈஸ்டர் கழித்து அங்கேயே வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. "கோயிலுக்குக் கதவு இருக்கணும். இரும்புக் கதவு. உள்ள தாழ்ப்பா இருக்கணும். எம்புள்ள கழுத்துல தாலி ஏறுத நேரம் ஒரு பய உள்ள ஏறி வரக்கூடாது. கதவு இல்லன்னா கலியாணம் இங்கதான், சொல்லிட்டேன்."

ஆக, கல்யாணம் ஒரு கதவில் தொங்கியது.

கூரையே இல்லாத இடத்தில் பூசை எங்கே வைப்பது? கோயிலுக்குப் பின்னால் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த ரத்னம்மா வந்து நின்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. கும்பிடுவது வேங்கடரமண சுவாமியை. "மா ஷெட்டு, எங்களுது, ஞாயித்துக்கெழம சும்மாதானே கெடக்குது. பிப்ரவரி லவர்ஸ் டே சீசன் முடிஞ்சிபோச்சி. வந்து உங்க பூஜை பண்ணிக்கோங்க" என்றார். பூவைத் தரம் பிரித்துக் கட்டுக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற தகரக் கொட்டகை அது. தரம் பிரிக்கிற நீள மேசைதான் பீடம். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைக்கக் கூடாது என்பது எங்கள் முறை. ஆனால் அங்கே நாலு பக்கமும் பிளாஸ்டிக் வாளிகளில் ரோஜா. கழுத்து வளைந்தது, இதழ் கருகியது என்று ஏற்றுமதிக்கு ஆகாத பூவெல்லாம் வாளி வாளியாக நிற்கும். கண்ணாடிக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஃபாதர் மேசை முன்னால் நின்று சுற்றிலும் பார்த்தார். "நான் வைக்கல, நீங்களும் வைக்கல. ஆண்டவர்தான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். கோயில் உடைந்த பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவை. அந்தத் தவக்காலம்போல மணமான தவக்காலத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இரண்டாவது ஓலையை அந்தக் கொட்டகையில் வைத்து வாசித்தார்கள். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள்..." என்று ஃபாதர் படித்து நிறுத்தினார். பின்வரிசையிலிருந்து சின்னப்பனின் கூட்டாளி ஒருவன், "கதவு இல்ல ஃபாதர்!" என்று கத்தினான். கொட்டகையே அதிர்ந்தது. ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தடையை நீக்க வேண்டியவங்க பூசை முடிஞ்சதும் இருங்க" என்றார். பூசை முடிந்து ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை.

அன்று தொடங்கியதுதான் வேலை. கம்பெனிக்காரர்கள் கையில் ஒரு கோயிலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அப்போது பார்த்தேன். மறுநாளே கொட்டகைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. இன்றைய இலக்கு, முடிந்தது, பாக்கி என்று மூன்று கட்டம். மேலே கொட்டை எழுத்தில், கம்பெனியில் சரக்கை அனுப்பும் நாளுக்குப் போடுகிற மாதிரி, டிஸ்பாட்ச் தேதி. அது என் கல்யாணத் தேதி! காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வருவார்கள், மதிய ஷிஃப்ட் ஆட்கள் காலையில் வருவார்கள். மண்வெட்டி தொங்குகிற இடத்தில் மண்வெட்டியின் படம் வரைந்து வைத்தார்கள். மணல் சலிக்கிறவர்களுக்கு ஹெல்மெட் கொடுத்தார்கள். வேலை ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வட்டமாக நின்று அன்றைய வேலையைப் பேசுவார்கள், கூடவே ஒரு அருள்நிறை மரியே ஜெபம். "ஃபாதர், டார்கெட்டுல பின்தங்கிட்டோம்" என்று ஒருவர் வருத்தத்தோடு சொல்ல, "பாவசங்கீர்த்தனமா சொல்றீங்க, ரிப்போர்ட்டா?" என்று ஃபாதர் கேட்டார்.

பாட்டுச் சண்டைகூட அங்கே தீர்ந்தது, கேளுங்கள். கூரைக்குத் தகரம் ஏற்றும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இழுத்துப் பாடினால் கை வலித்தது, நாங்கள் வேகமாகப் பாடினால் தகரம் கோணியது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாளம் தானாக அமைந்தது. பிறகு பூசையிலும் அதே தாளத்தில் பாடினோம்.

முனிராஜ் அண்ணன் முதல் நாளிலிருந்து தினமும் டீ கொண்டுவந்து வைப்பார். கேட்காமலே வைப்பார், காசு நீட்டினால் காது கேட்காதவர்போலப் போய்விடுவார். ஒருநாள் நான் மட்டும் செங்கலை நனைத்துக்கொண்டிருந்தபோது கிட்டே வந்து நின்றார். "அன்னிக்கி ஷட்டர எறக்கிட்டன்மா. உள்ளாற ஒக்காந்து சத்தத்த மட்டும் கேட்டுக்கினு இருந்தன்" என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் பரவாயில்லை இல்லை. "டீல இஞ்சி நல்லா இருக்குண்ணே" என்றேன். மறுநாள் இஞ்சி இன்னும் கூடுதலாக இருந்தது, தொண்டை எரிந்தது.

இனி கதவுக்கு வருகிறேன். சின்னப்பனும் கூட்டாளிகளும் அதைத் தங்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். இரட்டைக் கதவு, கனமான சட்டம், குறுக்குப் பட்டை, உள்ளே யானையைக் கட்டுகிற மாதிரி தாழ்ப்பாள். படம் வரைந்தே செய்தார்கள். நான் வெர்னியரோடு போனேன். கதவுக்கு வெர்னியரா என்று கேட்காதீர்கள், அந்த வயதில் அதுதான் என் ஆயுதம். இரண்டு கதவையும் தரையில் படுக்கப்போட்டு, மூலைக்கு மூலை டேப் பிடித்து, பட்டையின் கனத்தை வெர்னியரால் அளந்து, சேர்த்துவைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு காகிதம் நுழையாது. அப்படி ஒரு பொருத்தம். எல்லோரும் கைதட்ட, நான் பையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்துத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஓகே. கையெழுத்தும் போட்டேன்.

நாங்கள் அளந்தது கதவை. சுவரை யார் அளந்தார்கள்? மேஸ்திரி நல்ல மனுஷர். இவ்வளவு நடந்த கோயிலாச்சே, கதவு நிற்கிற இடம் பலமாக இருக்கட்டும் என்று, தன் பிரியத்தில், வாசலின் இரண்டு பக்கமும் இன்னொரு பூச்சு ஏற்றிவிட்டார். "பாக உந்தி! நல்லா இருக்குது, கல்லு மாதிரி நிக்கும்" என்று தட்டிக் காட்டினார். நாங்களும் தட்டிப் பார்த்து, பலம்தான் என்று பாராட்டினோம். வாசல் கொஞ்சம் குறுகியது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை கதவை மாட்டினார்கள். மேல் வர்ணத்துக்கு நேரமில்லை, ரெட் ஆக்சைடு மட்டும், அதுவும் என் ஸ்டிக்கரை விட்டுச் சுற்றி. ஈரம் காயட்டும் என்று இரண்டையும் அகலத் திறந்து வைத்து, 'ஈரம், தொடாதீர்கள்' என்று அட்டை தொங்கவிட்டார்கள். தொடாதீர்கள் என்று எழுதியிருந்தால் கம்பெனிக்காரர்கள் தொடமாட்டோம். எதை எதையோ அளந்த நாங்கள், அதை ஒரு தடவை மூடிப் பார்க்கவில்லை.

அப்பா அன்றைக்குத்தான் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். ஃபாதரிடம் "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டுவிட்டு நேராகக் கதவிடம் போனார். அட்டையைப் படிக்காமல் உள்ளங்கையால் தடவினார், தாழ்ப்பாளை ஆட்டினார். "கதவுன்னா இதுல்லா கதவு!" என்று சொல்லிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் செங்காவியாக விழுந்தது. அன்றைக்கு எனக்கு அப்பாவிடம் பயம் முழுக்கத் தெளிந்தது.

மறுநாள் காலை வானம் மூடிக்கொண்டிருந்தது. பந்தோபஸ்துக்கு வந்த இளம் எஸ்.ஐ. ஃபாதரிடம், "தாலி கட்டி முடியற வரைக்கும் கதவ சாத்தி உள்ள தாழ் போட்டுக்குங்க சார். வெளிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை முன்னால் கூடி நின்றார்கள். வீடு வீடாகப் பத்திரிகை வைத்திருந்தோம், வந்தும் விட்டார்கள், ஆனால் ரோட்டைத் தாண்டவில்லை. உடைத்த அன்றைக்கு வராதவர்கள் சாப்பாடு போடுகிற அன்றைக்கு எப்படி வருவது என்கிற கூச்சம் என்று முனிராஜ் அண்ணன் பிற்பாடு சொன்னார். ரத்னம்மா மட்டும் முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் போய்க் கதவைச் சாத்தினார். இடது கதவு வந்தது, வலது கதவு வந்தது, நடுவில் இரண்டும் டங்கென்று முட்டிக்கொண்டு நின்றன. மறுபடி தள்ளினார். டங். நாலு பேர் போனார்கள். டங், டங். பூசைமணிக்குப் பதில் அதுதான் அடித்தது. கோட் சூட் போட்ட மாப்பிள்ளை பீடத்தடியிலிருந்து ஓடிவந்து குனிந்து பார்த்தார், அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "கிரைண்டர எடுறா!" என்று கத்தினார். கிரைண்டர் வந்தது. மாப்பிள்ளை கோட்டோடு கிரைண்டரைப் பிடித்து ஸ்விட்சைப் போட்டார், கரண்ட் போய்விட்டது. நானும் சும்மா இருக்கமுடியாமல் கல்யாணச் சேலையோடு போய், இன்னும் ஈரம் போகாத கதவைத் தோளால் தள்ளினேன். என் தோள் பக்கத்திலேயே பச்சை ஸ்டிக்கர், ஓகே, என் கையெழுத்து.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நிபந்தனை என்றால் நிபந்தனை என்று நிற்கிறவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் வந்த வண்டியில் எல்லோரையும் ஏற்றிவிடுவார். அவர் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து திறந்த வாசலுக்கு நடுவே போட்டார். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். "நீங்க பூசைய ஆரம்பிங்க சாமி. கதவு நான்தான்" என்றார்.

பூசை ஆரம்பித்தது. எனக்கு மனம் அதில் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. என்னைப் படிக்கவைத்து, ஊர்விட்டு ஊர் அனுப்பி, இத்தனை தூரம் வந்த மனுஷர், என் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று மறுபடியும் திரும்பினேன்.

அப்போதுதான் மழை வந்தது. கோடைமழை, சித்திரைக்கு முன்னாலேயே, சொல்லாமல் கொள்ளாமல். புதுத் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் ஃபாதர் பிரசங்கத்தைக் கைவிட்டார். ரோட்டோரம் நின்ற ஜனம் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒண்டப் பார்த்தது. அது எத்தனை பேரைத் தாங்கும்? பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குழந்தைகளை அணைத்துக்கொண்டு நனைந்தார்கள். அப்பா நாற்காலியில் இருந்து எழுந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். மழைச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது.

"வாங்க, வாங்க, உள்ள வாங்க! ஏன் இப்படி நனைஞ்சிட்டு நிக்கிய? எம்புள்ள கலியாணம்தான், வாங்க!"

முதலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். அவள் பின்னால் எல்லோரும் வந்தார்கள். சில பேர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று குழம்பினார்கள். முனிராஜ் அண்ணனைக் காணவில்லையே என்று பார்த்தேன். கடை ஷட்டரை இறக்காமல், அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு, கடைசியாக அவரும் வந்தார். உள்ளே நிற்க இடமில்லை. ஈரத் துணி வாசனை, ரோஜா வாசனை, ரெட் ஆக்சைடு நெடி எல்லாம் ஒன்றாகக் கலந்தது. கடைசி ஆளை உள்ளே தள்ளிவிட்டு அப்பா குடையை உதறினார், திரும்பினார். தாலியை ஃபாதர் மந்திரித்து சின்னப்பன் கையில் கொடுத்த நேரம் அது. அப்பா பார்த்தார். முழுக்கப் பார்த்தார். மழைச் சத்தத்தில் வாக்குறுதியை அதற்கு முன்பே நாங்கள் கத்தித்தான் சொல்லியிருந்தோம். "சம்மதமா?" என்று ஃபாதர் கேட்க, நான் "சம்மதம்!" என்று போட்ட கூச்சலில் ரத்னம்மா மடியில் இருந்த பேத்தி வீறிட்டு அழுதது.

பிறகு அந்தக் கதவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு அறுத்துச் சரிசெய்கிறேன் என்று சின்னப்பன் சொன்னார். அடுத்த ஞாயிறும் சொன்னார். அதற்குள் திறந்தே கிடப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. மத்தியானத்தில் கூடைக்காரிகள் உள்ளே வந்து காலை நீட்டிக்கொள்வார்கள். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். ஒரு தடவை நாய் ஒன்று பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் குட்டி போட்டது, இரண்டு வாரம் யாரும் பாவத்தைச் சொல்ல முடியவில்லை. திருட்டு என்று ஒன்றும் போகவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா அந்தக் கதவை ஒரு தடவை சாத்திப் பார்ப்பார். டங் என்று கேட்டதும் திருப்தியாகச் சிரித்துக்கொண்டு வருவார்.

இப்போது அப்பா இல்லை. ரத்னம்மாவின் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கிடங்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ரோட்டை அகலப்படுத்தியதில் புங்கமரமும் டீக்கடையும் போய்விட்டன. முனிராஜ் அண்ணன் கெலமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், பார்த்தால் இஞ்சியைப் பற்றித்தான் பேசுவார். ஃபாதர் மாற்றலாகிப் போனார். பங்கு பெருத்து, கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டினோம், அழகான கோயில், நானே வசூலுக்கு அலைந்தேன். எங்கள் கதவு பழைய இரும்பு லாரியில் போனது. அன்றைக்கு சின்னப்பன் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் போனவள், அப்பாவுக்காக ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று கோயிலுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மேலே கேமரா, பக்கத்தில் பூசை நேரம் எழுதிய பலகை. வேறு நேரத்தில் வரக் கூடாது என்று காவல்காரர் கையாலேயே சொன்னார், அவர் பாஷை எனக்கும் என் பாஷை அவருக்கும் தெரியவில்லை. அவர்மேல் தப்பில்லை. வெயிலில் நின்று கதவைப் பார்த்தேன். கை சும்மா இருக்காதே, நடுவில் விரலை வைத்துத் தடவினேன். ஒரு காகிதம்கூட நுழையாது. எந்தக் கம்பெனிக்காரர் செய்ததோ, குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் காலத்து நானாக இருந்தால் பையைத் திறந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஒட்டியிருப்பேன்.